ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய மெஷின்

எங்கள் கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் வழக்கம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதை முறைப்படி நிறுத்தி, மேலே போர்வை போர்த்தி, கதவைப் பூட்டிச் சாவியைக் கண்காணிப்பாளர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம். திங்கள் காலை எட்டு மணிக்கு வந்து மறுபடி கிளப்புவோம். எங்கள் மழை அளவு நிலையத்தை ஆரம்பித்த வெள்ளைக்காரப் பாதிரியார் போட்ட சட்டம் அது. அவர் இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது, மழைமானியும் நோட்டும்தான். அவர் ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து வந்த மெஷினுக்கும் எங்கள் ஆட்கள் அந்தச் சட்டத்தை நீட்டிவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. லீவு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். கோடைக்கானல் ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மூன்று அறைகள், தகரக் கூரை. பழனி மலையில் எங்கே எவ்வளவு மழை பெய்கிறது, எந்தச் சரிவில் மண் இளகுகிறது என்று அளப்பது எங்கள் வேலை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேறெங்கும் வேலை கிடைக்காமல் வந்து சேர்ந்தவன் நான். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தான் ஓட்டிக் கழித்த மினி கம்ப்யூட்டரை எங்களுக்குத் தானமாக அனுப்பியது. மினி என்று பெயர்தான். இரண்டு பீரோ அளவு இருந்தது. லாரியில் மலை ஏறி வந்ததை எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். கூடவே நான்கு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன்.

மலையில் ஏழு இடங்களில் எங்களுக்குப் போஸ்ட் இருந்தது. முதலாவது கவுஞ்சி, இரண்டாவது பூண்டி, அப்படியே இறங்கிக்கொண்டே போய் ஏழாவது பெரும்பாறை, காபித் தோட்டங்களுக்கு நடுவில். ஒவ்வொரு போஸ்டிலும் ஒரு மழைமானி, ஒரு ஆள், டைப்ரைட்டர் போல ஒரு பெட்டி. ஒரு நாளைக்கு மூன்று முறை மழை அளவை அந்த ஆள் பெட்டியில் அடிக்க வேண்டும். அது டெலிபோன் கம்பி வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். வந்து சேர்ந்துவிட்டால் அங்கே பெட்டியில் ஒரு சின்ன மணி அடிக்கும். ஆபீசிலிருந்து ஏதாவது சேதி இருந்தால் அதையும் அந்தப் பெட்டியே தாளில் அடித்துக் காட்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பெரும்பாறை ஆள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு இந்தப் பக்கம் வந்து, தோட்டக் கூலியாக இருந்து, பிறகு எங்களிடம் சேர்ந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது வேலையோடு கிடைத்த அறை. ஓட்டுக் கூரை, சிமென்ட் தரை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். லயத்தில், அதாவது கூலிகளுக்கான வரிசை வீட்டில், ஒரே அறையில் இரண்டு குடும்பமாகக் காலம் தள்ளியவருக்கு அது மாளிகை. வேலை போனால் அந்த அறையும் போகும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பெட்டியில் அடிக்கப் பழகுவதற்காக அவர் ஒருமுறை மேலே வந்திருந்தார். டிசம்பர் குளிரில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். என் மனைவி என்னுடைய பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல ஸ்வெட்டர் போயிற்றே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு ஆகஸ்ட் மாதம் இறந்துபோனாள். நான்கு நாள் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று காரில் ஏற்றினோம். பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். நான் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் வாய் எப்படி இருக்கும், அப்படி இருந்தேன். இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் தெரியாது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, காரம் இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் நல்லவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள், டூரிஸ்டு வண்டி ஓட்டுபவர்கள். ஒரு மாதம் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறு வந்தது. தூக்குவாளி, எவர்சில்வர் டப்பா, மூடி போட்ட குண்டான். சாப்பிட்டுக் கழுவி அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு கேரட்டாவது உள்ளே போட்டுத்தான் கொடுப்பார்கள். அவள் இருந்தவரை அது அவள் பார்த்துக்கொண்ட காரியம். என்னிடம் போட்டுக் கொடுக்க எதுவும் இல்லை, வாங்கிவரவும் தோன்றவில்லை. பாத்திரங்கள் பதினொன்றாகி மேடையை அடைத்துக்கொண்டன. அப்புறம் காபி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

மற்ற நாட்களை ஆபீசில் ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேதக்கோவிலுக்குப் போனால் அவள் உட்காரும் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருந்தால் வீடு. அக்டோபரில், மழை தொடங்கும் முன், கண்காணிப்பாளரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். மழை ஞாயிற்றுக்கிழமை பார்த்து நிற்பதில்லையே, மெஷினையும் நிறுத்தாமல் ஓட்டினால் அளவு விட்டுப்போகாமல் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் எந்நேரமும் மஃப்ளர் சுற்றிய, கொஞ்சம் பயந்த மனிதர். துக்கத்தை வேலையில் மறக்கப் பார்க்கிறான் என்று என்மேல் இரக்கப்பட்டார். வெளிநாட்டுக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள் என்று, மின்சாரம் போனாலும் மெஷின் நிற்காமல் இருக்க ஒரு ஜெனரேட்டர் கேட்டும் எழுதிப் போட்டார். ஏழு போஸ்டுக்கும் உத்தரவு போனது: இனி ஞாயிறும் மூன்று வேளை அடிக்க வேண்டும். அந்த ஏழு வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

தொந்தரவு நவம்பரில் ஆரம்பித்தது. மெஷின் பத்துப் பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒருநாள் காலை பார்த்தால் உறைந்து கிடக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் இருக்காது. நிறுத்திக் கிளப்பினால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும். கோடைக்கானலில் எது கெட்டாலும் பனியின் தலையில்தான் பழி விழும். ஆர்மோனியம் சுருதி விலகினால் பனி, கடிகாரம் நின்றால் பனி. மெஷினுக்குள்ளும் பனி ஏறிவிட்டது என்று எல்லாரும் ஒரே மனதாகச் சொன்னார்கள். துணி பீரோவுக்குள் பூசணம் பிடிக்காமல் பல்பு எரிய விடுவோம் அல்லவா, அதே மாதிரி மெஷின் பெட்டிக்குள் ஒரு நூறு வாட்ஸ் பல்பைக் கட்டித் தொங்கவிட்டோம். ரிஜிஸ்தரில் காரணம் என்ற கட்டத்தில் நான் என் கையாலேயே பனி என்று எழுதினேன்.

இதற்கு நடுவே பெரும்பாறை அளவு விட்டுப்போக ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒழுங்காக வரும், அப்புறம் இரண்டு நாள் ஒன்றுமே வராது. மற்ற ஆறு போஸ்டும் அநேகமாகச் சரியாக இருந்தன. அங்கே நோட்டில் எழுதி வைத்திருப்பாரே, அதைக் கேட்டு வாங்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோட்டில் பின்னால் உட்கார்ந்தும் எழுதலாம், மெஷின் பொய் சொல்லாது என்றார் கண்காணிப்பாளர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையில் எனக்கு எதுவும் எப்படியும் படவில்லை. விட்டுப்போன நாட்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அடியில் கவனக்குறைவு என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பட்டியலையும் இணைத்து விளக்கம் கேட்டு மெமோ போனது. பதில் இல்லை. இரண்டாவது மெமோவுக்கும் பதில் இல்லை. பதில் சொல்லாதவன் ஒப்புக்கொண்டவன் என்று ஆயிற்று. டிசம்பர் கடைசியில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடைசி நாளில் நிலையத்துச் சாமான்களை மேலே வந்து ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு.

அவர் காலை பஸ்ஸில் வந்தார். சாமான்களை என் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். அறைச் சாவி, மழையை அளக்கும் கண்ணாடிக் குழாய், குடை, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு நோட்டு. எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கடைசியாகத் தான் போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அது நிலையத்துச் சாமான் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொல்லப்போகிறவர் போல மேஜைமுன் சற்று நேரம் நின்றார். நான் திரையைப் பார்த்தேன். "வர்றேங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறும் சட்டையோடு குளிரில் இறங்கிப் போனார்.

நோட்டை நான் திறந்தது ஜனவரியில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால்தான். உருண்டை உருண்டையான எழுத்து. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி. அநேகமாக எல்லா இடத்திலும் ஒரு கோடு, சில இடத்தில் மட்டும் வட்டம். அப்படிக் குறிக்கச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. மணி அடித்தால் கோடு, அடிக்காவிட்டால் வட்டம். தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவர் சொல்லும் எடையைத் தானும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும் தோட்டத்துப் பழக்கமாக இருக்க வேண்டும். வட்டம் விழுந்த இடத்தில் அதே அளவு மூன்று முறை எழுதியிருந்தது. மூன்று முறையும் அடித்திருக்கிறார். மூன்று முறையும் மணி அடிக்கவில்லை.

ரிஜிஸ்தரை எடுத்து, மெஷினை நிறுத்திக் கிளப்பிய நாட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிளப்பி ஒன்பது நாள் வரை ஒரு வட்டமும் இல்லை. பத்தாம் நாள் வட்டங்கள் ஆரம்பிக்கும். பன்னிரண்டாம் நாள் மெஷின் உறையும். கிளப்பியதும் மறுபடி கோடுகள். நான்கு தடவையும் இதே மாதிரி. சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்காகச் சோம்பல் வராது. பனியும் நாள் எண்ணிக்கொண்டு ஏறாது. மெஷினுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்தது, கிளப்பும்போது மறுபடி நிறைந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்திக்கொண்டிருந்தவரை அது தீர்ந்துபோக நேரமே கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கோளாறைப் பாதிரியாரின் சட்டம் மூடி வைத்திருந்தது. திறந்துவிட்டவன் நான்.

கம்ப்யூட்டருக்குள் மற்ற புரோகிராம்களையெல்லாம் மேய்க்கிற புரோகிராம் ஒன்று உண்டு, கெர்னல் என்பார்கள். மெமரி அதன் கையில்தான். கம்பியில் ஒரு செய்தி வர ஆரம்பித்தால் அதை வாங்கி வைக்க மெமரியில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக் கொடுக்கும். செய்தி முடிந்ததும் துண்டு திரும்பிவர வேண்டும். அப்படி இருநூறு துண்டுகள் எங்கள் மெஷினில் இருந்தன. காலித் துண்டுகள் மிகவும் குறைந்துபோனால் கெர்னல் கடைசிக் கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாங்க மறுத்துவிடும் என்று அட்டைப்பெட்டிக் காகிதத்தில் இருந்தது. கடைசிக் கம்பி பெரும்பாறை. அவர் ஏழாம் நம்பராக இருந்ததைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை.

மணிக்கொரு முறை காலித் துண்டுகளை எண்ணி அச்சடிக்கும்படி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். இருநூறு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது, நூற்றுத் தொண்ணூற்றேழு. இறங்கியதே தவிர ஒரு தடவையும் ஏறவில்லை. ஒரு நாளைக்குப் பதினேழு பதினெட்டு போனது. எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் வந்த கெர்னலின் அச்சுத் தாள்களை வரி வரியாகப் படித்தேன். துண்டை எடுக்கிற இடம் ஒன்று, திருப்பி வைக்கிற இடம் ஒன்று, இரண்டும் சரியாகத்தான் இருந்தன. பத்து நாள் அதே பக்கங்களைப் புரட்டினேன். படித்தால் தூக்கம் வரவில்லை, படிக்காவிட்டாலும் வரவில்லை.

ஒருநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சரக்கா. சங்கடமாக நின்றார்கள்.

"தம்பி, அந்த நாலடுக்குத் தூக்கு எங்களோடது. சின்னவ இன்னைக்கு ஹாஸ்டலுக்குப் போறா, குடுத்துவிடச் சாப்பாடு வச்சிருக்கேன். அதான்."

எடுத்துக்கொண்டு வந்தேன். கையில் கொடுக்க முடியவில்லை. வெறும் பாத்திரமாக எப்படியக்கா கொடுப்பது, அதனால்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்றேன்.

"உள்ள போட ஒண்ணுமில்லாட்டி வெறுமையாவே குடுங்க தம்பி. இல்லேன்னா எங்க வீட்டுல பாத்திரமே மிஞ்சாது" என்று சொல்லி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

மேடையில் மீதிப் பத்துப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் பல்கூடத் துலக்காமல் ஆபீசுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது உண்மை. ஆகஸ்டுக்குப் பிறகு நான் எங்கும் ஓடியதில்லை.

கெர்னல் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். செய்தி முழுதாக வந்து, டேப்பில் பதிந்தால்தான் துண்டைத் திருப்பி வைக்கும். செய்தி பாதியில் அறுந்துபோனால்? மேல்மலையில் காற்றடித்துக் கிளை உரசினால் போதும், கம்பி பாதி வார்த்தையில் விட்டுப்போகும், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை. ஆள் மறுபடி அடிப்பார், அது புதுத் துண்டில் போய்ச் சேரும். பழைய அரைகுறைத் துண்டில் பதிய எதுவும் இல்லை. அதனால் அதைத் திருப்பி வைக்கவும் யாரும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஒரு மாணவன் எழுதிய இடம் அது. கம்பி அறுந்தால் வெளியேறு என்று எழுதியவன், போகும்போது துண்டைக் கொடுத்துவிட்டுப் போ என்று எழுதவில்லை.

ஆபீசில் பரிசோதனைக்கு ஒரு பெட்டி இருந்தது. பாதி எண்ணை அடித்துவிட்டு வயரைப் பிடுங்கினேன். காலித் துண்டில் ஒன்று குறைந்தது. சொருகி, அடித்து, பிடுங்கினேன். இன்னொன்று குறைந்தது. அன்று பகல் முழுவதும் முப்பது தடவை பிடுங்கினேன், முப்பது குறைந்தது. மூன்று தடவை செய்தாலே போதும். ஆனால் வேறு எதற்கும் இல்லாத நிச்சயம் அதில் இருந்தது. மூன்று வரி சேர்த்து எழுதிப் புதிய கெர்னலை உருவாக்க மெஷினுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. கிளப்பிவிட்டு மறுபடி பிடுங்கினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடுத்த நொடி இருநூறு.

கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார். முதலில் பதினைந்து நாள் ஓட்டிப் பார்ப்போம் என்றார். சரி என்றேன். அங்கே ஒரு குடும்பம் அறையை விட்டு வெளியே நிற்கிறது, பதினைந்து நாள் என்ன கணக்கு என்று கேட்டிருக்க வேண்டியவன் சரி என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பதினைந்து நாளும் மெஷின் நிற்கவில்லை, துண்டுகள் குறையவில்லை. பதினாறாம் நாள் அவர் வேறு வழி சொன்னார். பழையபடி ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிடுவோம், யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம், தானமாகக் கொடுத்தவர்களிடம் உங்கள் மெஷின் கோளாறு என்று எப்படிச் சொல்வது, நீக்கின ஆளுக்கு வேறெங்காவது ஏற்பாடு பண்ணலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நிறுத்துங்கள், ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது என் கையெழுத்து, அது தப்பு என்று நீங்கள் எழுதாவிட்டால் இந்தத் தாள்களோடு நானே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவேன் என்றேன். குரல் உயரவில்லை. உயர்த்த என்னிடம் எதுவும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அன்று மாலையே திரும்ப வேலைக்கு எடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோனேன். அந்த ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று இறங்கும் பஸ். வழியில் ஸ்வெட்டரின் பையில் ஏதோ உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஒரு பிடி மிளகு. வேலையை விட்டு விரட்டின இடத்துக்கு, வாங்கின ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்த மனிதர் அதை வெறுமையாகக் கொடுக்கவில்லை. பொட்டலத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு மேல் அது என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

பெரும்பாறையில் எங்கள் போஸ்டு அறை பூட்டிக் கிடந்தது. பூட்டு நிலையத்துப் பூட்டு. அவர் குடும்பம் ஒரு தோட்டத்து லயத்தில், சொந்தக்காரர் ஒருவர் அறையில் ஒண்டியிருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, ஒரு மரப்பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். கடிதத்தைக் கொடுத்தேன். வேலையும் உண்டு, அறையும் உண்டு, விட்டுப்போன மாதச் சம்பளமும் உண்டு, தப்பு மெஷினுடையது என்று சொன்னேன். அவர் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, கேட்டுவிட்டு, அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

சாவியை அவர் கையில் கொடுத்தேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் பொட்டலம் பையில் கனத்துக்கொண்டிருந்தது. பட்டியல் எடுத்தது நான், கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான், ஞாயிற்றுக்கிழமையை எடுத்ததும் நான்தான் என்றேன்.

"தெரியுங்க சார். ரெண்டு மெமோலயும் ஒங்க கையெழுத்துத்தான இருந்துச்சு."

அப்படியானால் ஏன் வாயைத் திறக்கவில்லை, மணி அடிக்கவில்லை என்று ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் போதுமே, வீடு போகிறவரைக்குமா ஒரு மனிதன் சும்மா இருப்பான் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். எனக்கு அவர்மேல் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றவில்லை.

அவர் மிளகைக் கிளறிவிட்டார். "ஒங்க வீட்டம்மா தவறுன சேதி அன்னைக்கு அந்த மழைப் பொட்டியிலதான் சார் வந்துச்சு. இன்னும் வருசம் திரும்பலியே. துக்க வீட்டுக்கு வந்து எப்புடிங்க சார் நாயம் பேசுறது? நோட்டு ஒங்க கையில இருந்தாப் போதும், மனசு தேறுன அன்னைக்கு நீங்களே பாத்துருவீங்கன்னு வச்சுட்டு வந்தேன்."

நான் ஸ்வெட்டரை அவர் மடியில் வைத்தேன். அவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி அவர் மனைவி தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சோறு, பச்சை மிளகு அரைத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். காரம் நாக்கில் சுரீரென்று ஏறி, காது வரை போயிற்று. ஆறு மாதமாக உப்புக்கூடத் தெரியாத நாக்கு. இன்னொரு வாய் வைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மிளகு கூடிவிட்டதோ என்று அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மிளகு சரியாகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். அவர் மிளகைக் கிளறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.